ஓவன் ஹார்ட் நினைவுத் தொடரை நேரில் காண: முதன்முறை செல்பவர்களுக்கான வழிகாட்டி

மறைந்த கனடிய மல்யுத்த வீரர் ஓவன் ஹார்ட்டின் நினைவாக, அமெரிக்காவின் ஏ.இ.டபிள்யூ. (ஆல் எலீட் ரெஸ்லிங்) நிறுவனம் 2022 முதல் ஆண்டுதோறும் ஒரு தொழில்முறை மல்யுத்தத் தொடரை நடத்தி வருகிறது. அதை இந்தியக் கடவுச்சீட்டுடன் நேரில் சென்று காண விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். போட்டியைப் பற்றிய செய்திகள் எங்கும் கிடைக்கின்றன. ஆனால் விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது, அரங்கச் சீட்டை எந்தக் கட்டத்தில் வாங்குவது, எந்த ஊர் வழியாக விமானம் ஏறக் கூடாது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. பல இடங்களில் கேட்டும் அலைந்தும் நான் தெரிந்துகொண்டவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே தருகிறேன். கட்டணங்கள் இதை எழுதும் நேரத்தில் உள்ளவை. பணம் கட்டும் நாளில் அந்தந்த அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் இரு நாட்டு விசாக்களும் கட்டாயமே. விண்ணப்பிக்கும் அலுவலகம் மட்டும் கொழும்பாக இருக்கும்.

1. தொடரின் கால அட்டவணையை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

கிரிக்கெட் உலகக் கோப்பையைப் போல இதற்கு நிலையான ஊரோ நிலையான தேதியோ கிடையாது. ஆண்கள் பிரிவில் 8 பேர், பெண்கள் பிரிவில் 8 பேர் மோதுகிறார்கள். தோற்றவர் வெளியேற வேண்டும். காலிறுதி தொடங்கி ஒரு பிரிவுக்கு 7 என மொத்தம் 14 ஆட்டங்கள். இவை ஒரே அரங்கில் நடப்பதில்லை. புதன்கிழமை டைனமைட், சனிக்கிழமை கொலிஷன் ஆகிய வாராந்திர நிகழ்ச்சிகளிலும், சில ஆண்டுகளில் இடையே வரும் பெரிய கட்டண நிகழ்ச்சிகளிலும் (வீட்டிலிருந்து பார்க்கவும் தனிக் கட்டணம் உள்ளவை) பிரித்து வைக்கப்படுகின்றன. நிகழ்ச்சி ஒவ்வொரு வாரமும் வேறு வேறு ஊரில் நடப்பதால், தொடர் முழுவதையும் நேரில் பார்ப்பது என்பது வாரக்கணக்கில் அமெரிக்காவைச் சுற்றி வருவதாகும். விடுமுறை எடுத்துச் செல்பவர்களுக்கு அது நடைமுறைக்கு ஒவ்வாது.

2022 முதல் 2025 வரை இரு பிரிவுகளின் இறுதி ஆட்டங்களும் ஒரே இரவில்தான் நடந்திருக்கின்றன. 2022இல் மே 29 அன்று லாஸ் வேகஸின் டி-மொபைல் அரினாவில் நடந்த டபுள் ஆர் நத்திங் நிகழ்ச்சியிலும், 2023இல் ஜூலை 15 அன்றும் 2024இல் ஜூலை 10 அன்றும் ஓவன் பிறந்த ஊரான கால்கரியின் ஸ்கோஷியாபேங்க் சாடில்டோமிலும், 2025இல் மே 25 அன்று அரிசோனா மாநிலம் கிளெண்டேலின் டெசர்ட் டயமண்ட் அரினாவிலும் அவை நடைபெற்றன. நான்கு ஆண்டுகளில் இரண்டு நாடுகள், மூன்று ஊர்கள், இரண்டு வெவ்வேறு மாதங்கள் என்ற இந்த வரலாற்றை மனத்தில் வைத்துத்தான் மீதி எல்லா முடிவுகளையும் எடுக்க வேண்டும். இறுதி ஆட்டம் எந்த நாட்டில் நடக்கும் என்று தெரிந்த பிறகு விசாவுக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் நேரம் போதாது. விசா கையில் இருந்தால், அறிவிப்பு வந்த அன்றே சீட்டு வாங்கலாம். ஆகவே விசா முதலில், அரங்கச் சீட்டு அதன் பிறகு, விமானச் சீட்டு அதற்கும் பிறகு.

2. எந்த ஆட்டத்துக்காகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இறுதிப் போட்டிதான் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஓவனின் மனைவி மார்த்தா ஹார்ட் மேடையேறிக் கோப்பை வழங்கும் தருணத்தை அரங்கத்திலிருந்து பார்ப்பதற்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியாது. கணவரை இழந்த பின் அவர் பெயரால் அறக்கட்டளை தொடங்கி இத்தனை ஆண்டுகளாக நடத்தி வருபவர் அவர். அவர் வரும்போது அரங்கம் எழுந்து நிற்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 2024, 2025 ஆண்டுகளில் கோப்பை வென்றவர்களுக்கு ஏ.இ.டபிள்யூ.வின் ஆல் இன் என்ற பெரிய நிகழ்ச்சியில் உலகப் பட்டத்துக்கு மோதும் உரிமையும் கிடைத்ததால், இறுதி ஆட்டத்தின் முடிவுக்கு மதிப்பு மேலும் கூடியிருக்கிறது. 2024இல் வென்ற பிரையன் டேனியல்சனும் 2025இல் வென்ற ஹேங்மேன் ஆடம் பேஜும் அந்த மேடையில் உலகப் பட்டத்தையே கைப்பற்றினார்கள்.

ஆனாலும் உங்கள் விடுமுறை இறுதித் தேதியோடு ஒத்துவராவிட்டால் பயணத்தைக் கைவிட வேண்டாம். காலிறுதியோ அரையிறுதியோ இடம்பெறும் ஒரு வாராந்திர நிகழ்ச்சிக்குச் சீட்டு விலை குறைவு, நல்ல இருக்கை எளிதில் கிடைக்கும், விடுதிச் செலவும் கட்டுக்குள் இருக்கும். டெட்ராய்ட்டிலோ டாலஸிலோ உறவினர் வீடு இருந்து, தொடர் நடக்கும் வாரங்களில் நிகழ்ச்சி அந்தப் பக்கம் வருமானால், அதையே தேர்ந்தெடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஓர் எச்சரிக்கை. குறிப்பிட்ட ஒரு வீரரின் ஆட்டத்தை நம்பி மட்டும் பணத்தைப் போடாதீர்கள். காயத்தால் ஆட்டக்காரர்கள் மாறுவது இந்தத் தொடரில் வழக்கம். 2022இல் பெண்கள் பிரிவில் ஹிகாரு ஷிடாவின் இடத்துக்குக் கிரிஸ் ஸ்டாட்லேண்டர் வந்தார். பெயரை முன்கூட்டி வெளியிடாமல் ஒருவரை இறக்கும் முறையும் உண்டு. ஆட்டப் பட்டியல் மாறியது என்பதற்காகச் சீட்டுப் பணம் திரும்பாது.

3. கடவுச்சீட்டும் விசாவும்

இந்தக் கட்டத்துக்குத்தான் அதிக நேரமும் பொறுமையும் தேவை. தொடங்கும் முன் உங்கள் கடவுச்சீட்டு பயணம் முடியும் நாளுக்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகுமா என்று பாருங்கள். செல்லாதென்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். பழைய எண்ணில் விண்ணப்பித்துவிட்டு நடுவில் புதுக் கடவுச்சீட்டு வாங்கினால் படிவம், சந்திப்பு நேரம் எல்லாவற்றிலும் குழப்பம் வரும்.

அமெரிக்க விசா: நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது பி1/பி2 பார்வையாளர் விசா. டிஎஸ்-160 என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். சுமார் 20 நிமிடம் எதுவும் செய்யாமல் விட்டால் பக்கம் காலாவதியாகிவிடும். எனவே முதல் பக்கத்திலேயே தரப்படும் விண்ணப்ப எண்ணையும் பாதுகாப்புக் கேள்வியின் பதிலையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேமியுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களையும் அதில் கேட்பார்கள். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில் 51 மில்லிமீட்டர் சதுரமாக இருக்க வேண்டும், மூக்குக்கண்ணாடி கூடாது. நம்மூர்ப் புகைப்படக் கடைகளில் வழக்கமான கடவுச்சீட்டு அளவிலேயே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அளவைச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.

கட்டணம் 185 அமெரிக்க டாலர். அதற்கான ரூபாய் மதிப்பைத் தூதரகமே நிர்ணயிக்கும்; வங்கி விலையைப் பார்த்துக் கணக்கிட்டால் சிறு வித்தியாசம் இருக்கும். விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது. 2025இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று கூடுதலாக 250 டாலர் கட்டணத்துக்கு வழி செய்திருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்தில் அது வசூலிக்கப்படுகிறதா என்று பார்த்து, அந்தத் தொகையையும் ஒதுக்கி வைப்பது நல்லது. கட்டிய பிறகு இரண்டு சந்திப்புகள். விரல்ரேகையும் புகைப்படமும் எடுக்க விசா விண்ணப்ப மையத்தில் ஒருநாள், நேர்காணலுக்குத் துணைத் தூதரகத்தில் இன்னொரு நாள். சென்னையில் நேர்காணல் அண்ணா சாலையில் நடக்கும். உள்ளே கைப்பேசிக்கும் கைப்பைகளுக்கும் அனுமதி இல்லை, அவற்றை வைத்துக்கொள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

நேர்காணலுக்கான காத்திருப்பு சில நேரங்களில் வாரங்களாகவும் சில நேரங்களில் பல மாதங்களாகவும் நீள்கிறது. மே மாத இறுதிப் போட்டிக்குப் போக விரும்புபவர் முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். இது அளவுக்கு மீறிய முன்னெச்சரிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்தியர்களுக்கு இந்த விசா பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்குத் தரப்படுவதால், ஒரு முறை பட்ட பாடு பல தொடர்களுக்குப் பயன்படும்.

நேர்காணலில் பயண நோக்கத்தைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: சுற்றுலா, இன்ன ஊரில் ஒரு மல்யுத்த நிகழ்ச்சி பார்க்கப் போகிறேன், இத்தனை நாளில் திரும்புவேன். மல்யுத்தம் என்று சொன்னால் நீங்கள் அங்கே போட்டியிடப் போகிறீர்களோ என்று அதிகாரி நினைக்க வாய்ப்புண்டு. ‘பார்வையாளராக’ என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே சேர்த்துவிடுங்கள். வேலைக் கடிதம், விடுப்புக் கடிதம், ஆறு மாத வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்குகள் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். அவற்றைப் பார்க்காமலேயே முடிவு சொல்லப்படுவதும் உண்டு. அதனால் வாயால் சொல்லும் பதில் சுருக்கமாகவும் படிவத்தோடு ஒத்தும் இருப்பதுதான் முக்கியம்.

கனடா விசா: இது முழுக்க இணைய வழி விண்ணப்பம், வழக்கமாக நேர்காணல் இருக்காது. கட்டணம் 100 கனடிய டாலர், விரல்ரேகைப் பதிவுக்கு 85 கனடிய டாலர். குடும்பமாக ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் விரல்ரேகைக் கட்டணம் மொத்தமாக 170 டாலரைத் தாண்டாது. தனி ஒருவருக்கு இதுவும் 185 என்று வருவதால் இரு நாட்டுக் கட்டணமும் ஒன்றே என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். கனடிய டாலரின் மதிப்பு குறைவு, எனவே ரூபாயில் பார்த்தால் கனடா விசா கணிசமாக மலிவு. பணம் கட்டியதும் விரல்ரேகைக்கான கடிதம் வரும். அது வந்த 30 நாளுக்குள் விஎஃப்எஸ் எனப்படும் விசா விண்ணப்ப மையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒருமுறை தந்த விரல்ரேகை பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஒப்புதல் கிடைத்ததும் கடவுச்சீட்டை அதே மையத்தில் ஒப்படைத்து விசா ஒட்டி வாங்க வேண்டும், அதற்கான சேவைக் கட்டணம் தனி.

நேர்காணல் இல்லாததால் கனடாவைப் பொறுத்தவரை ஆவணங்கள்தான் உங்களுக்காகப் பேசும். ஐஎம்எம் 5257 விண்ணப்பம், குடும்ப விவரப் படிவம், வங்கி அறிக்கைகள், வருமான வரிக் கணக்கு, வேலை அல்லது தொழில் சான்று, விடுப்பு ஒப்புதல், முன்பு சென்ற நாடுகளின் விசாப் பக்கங்கள் ஆகியவற்றோடு ஒரு பக்க விளக்கக் கடிதமும் இணையுங்கள். எந்த நிகழ்ச்சி, எந்த அரங்கம், எத்தனை நாள், யார் செலவு, திரும்பி வந்து எதைத் தொடரப் போகிறீர்கள் என்ற ஐந்துக்கும் அந்தக் கடிதத்தில் நேரடியான பதில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்குச் சற்று முன் திடீரென்று பெருந்தொகை வந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஆதாரம் வையுங்கள். விளக்கமில்லாத வரவு மறுப்புக்குக் காரணமாகலாம். முன்பு கனடா விசா பெரும்பாலும் கடவுச்சீட்டுக் காலம் முழுவதற்கும் தரப்பட்டது. 2024 நவம்பருக்குப் பிறகு கால அளவையும் எத்தனை முறை நுழையலாம் என்பதையும் அதிகாரியே முடிவு செய்கிறார். வந்த விசாவில் தேதியைப் படித்துப் பார்க்காமல் அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துத் திட்டமிடாதீர்கள்.

இரு நாடுகளுக்கும் பொதுவான ஒரு பொறி உண்டு. விசாவுக்கு முன்பே அரங்கச் சீட்டையும் விமானச் சீட்டையும் வாங்கி இணைத்தால்தான் விசா கிடைக்கும் என்று பயண முகவர்கள் சிலர் சொல்கிறார்கள். என்னிடமும் ஒருவர் அப்படித்தான் வற்புறுத்தினார். இரண்டு நாடுகளுமே வாங்கிய சீட்டைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. பயணத் திட்டத்தை எழுத்தில் தந்தால் போதும்.

ஒரு நாட்டு விசா மற்ற நாட்டுக்குச் செல்லாது. இரண்டுக்கும் விண்ணப்பிக்கப் பணமும் நேரமும் இல்லையென்றால், முதலில் அமெரிக்க விசாவை வாங்குங்கள். காலிறுதி, அரையிறுதி ஆட்டங்களில் பெரும்பாலானவை அங்கேயே நடப்பதால், இறுதி கால்கரிக்குப் போனாலும் உங்களுக்குப் பார்க்க ஏதாவது இருக்கும்.

4. அரங்கச் சீட்டு வாங்குதல்

எந்த இணையதளத்தில் விற்பனை என்பது அரங்கத்தைப் பொறுத்தது. சாடில்டோமுக்கும் டெசர்ட் டயமண்டுக்கும் டிக்கெட்மாஸ்டர், டி-மொபைல் அரினாவுக்கு ஏஎக்ஸ்எஸ். அரங்கத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் அங்கிருந்து செல்லும் இணைப்பை மட்டும் பயன்படுத்துங்கள். தேடுபொறியில் முதலில் வருவது பல நேரம் மறுவிற்பனைத் தளமாக இருக்கும். சீட்டு விற்பனைக்கு வருமுன்பே அங்கே விலை போட்டிருப்பார்கள்.

கணக்கை முன்கூட்டியே தொடங்கி, கைப்பேசி எண்ணைச் சரிபார்த்து வையுங்கள். விற்பனை தொடங்கும் நிமிடத்தில் குறுஞ்செய்திக் குறியீடு கேட்டு, அது இந்திய எண்ணுக்கு வரத் தாமதமானால் வரிசையில் உங்கள் இடம் போய்விடும். ஏ.இ.டபிள்யூ.வின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்தால் முன்விற்பனைக் குறியீடு கிடைக்கும், பொது விற்பனைக்குச் சில நாள் முன்பே வாங்கிவிடலாம். கடன் அட்டையில் வெளிநாட்டு இணையப் பரிமாற்றத்தை வங்கிச் செயலியில் இயக்கி வைப்பதும் இதே கட்டத்தில் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலான அட்டைகள் வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு 2 முதல் 3.5 விழுக்காடு வரை பிடித்தம் செய்து அதன் மேல் வரியும் போடும். நாலு சீட்டுக்கு மேல் வாங்கும்போது அது கண்ணில் படும் தொகையாகிவிடும்.

விலை ஊருக்கும் நிகழ்ச்சிக்கும் ஏற்ப மாறும். வாராந்திர நிகழ்ச்சியின் மேல்தள இருக்கை சில பத்து டாலருக்கே கிடைக்கும். டபுள் ஆர் நத்திங் போன்ற பெரிய நிகழ்ச்சியில் ரிங்கை ஒட்டிய வரிசைக்குப் பல நூறு டாலர் ஆகும். எந்த இருக்கை நல்லது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தரைத்தளத்தில் முதல் நான்கைந்து வரிசையைத் தாண்டி வாங்காதீர்கள். தரை சமதளம் என்பதால், முன்னால் இருப்பவர் பதாகையுடன் எழுந்து நின்றதும் ரிங்கே மறைந்துவிடும். அதே பணத்துக்குச் சரிவான கீழ்தளப் பகுதியில் ரிங்கின் பக்கவாட்டில் உட்கார்ந்தால் முழு ஆட்டமும் தெளிவாகத் தெரியும். நுழைவு மேடைக்குப் பின்னால் வரும் கோணத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சீட்டு காகிதத்தில் வராது. கைப்பேசிச் செயலியில் நொடிக்கு நொடி மாறும் பட்டைக் குறியீடாகவே இருக்கும். திரைப்பிடி எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் காட்டினால் செல்லாது. குழுவாகச் செல்கிறீர்கள் என்றால் ஒவ்வொருவருடைய கணக்குக்கும் சீட்டை முன்பே மாற்றிவிடுங்கள்.

5. விமானப் பயணம்

சென்னையிலிருந்து இந்த ஊர்கள் எதற்கும் நேரடி விமானம் இல்லை. துபாய், லண்டன், பிராங்க்ஃபர்ட் போன்ற ஏதாவது ஓர் ஊரில் மாற வேண்டும், சில நேரம் இரண்டு இடங்களில். போய்வரக் கட்டணம் ஒரு லட்சம் ரூபாய்க்குக் கீழே கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றே எண்ணுங்கள். மே, ஜூலை இரண்டுமே அங்குள்ள மாணவர்களும் குடும்பங்களும் ஊர் வந்து திரும்பும் காலம் என்பதால் தேதி நெருங்க நெருங்க விலை ஏறும்.

விலையைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். கால்கரிக்குப் போகும் மலிவான சீட்டு சில நேரம் ஏதாவது ஓர் அமெரிக்க நகரத்தின் வழியாக இருக்கும். அமெரிக்காவில் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்துவிட்டு வேறு நாட்டுக்கு மாறும் வசதி கிடையாது. அங்கு இறங்கும் ஒவ்வொருவரும் குடியேற்றச் சோதனையைத் தாண்ட வேண்டும். எனவே கனடா விசா மட்டும் இருந்தால் சென்னையிலேயே விமானம் ஏற விடமாட்டார்கள். அதேபோல் டொராண்டோ, வான்கூவர் வழியாக லாஸ் வேகஸ் போகும் இந்தியரிடம் கனடா விசா இல்லையென்றால் அந்நாட்டின் இடைத்தங்கல் விசா தேவை. ஐரோப்பா வழியாகச் செல்வோர் தாங்கள் மாறும் நாட்டின் இடைத்தங்கல் விதியை விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது கனடா விசா வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. ஆனால் பல நாடுகளில் அது விமான நிலையத்தின் பன்னாட்டுப் பகுதிக்குள்ளேயே மாறுபவர்களுக்குத்தான். தனித்தனியாக வாங்கிய இரண்டு சீட்டுகளை இணைத்து, நடுவில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருந்தால் கதை மாறிவிடலாம்.

பயணக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒரு நாள் மருத்துவமனைச் செலவு உங்கள் மொத்தப் பயணச் செலவைத் தாண்டிவிடக்கூடும். காப்பீட்டுத் தொகையை டாலரில் பார்த்து எடுங்கள்.

நிகழ்ச்சிக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக ஊர் சேருமாறு சீட்டு எடுங்கள். இணைப்பு விமானம் தவறினால் ஒரு நாள் போய்விடும். பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட நேர வேறுபாட்டில் உடல் தடுமாறும்.

6. விடுதியும் உள்ளூர்ப் போக்குவரத்தும்

தேதியைப் பார்த்தால் ஒன்று புலப்படும். 2022, 2025 இறுதிகள் அமெரிக்காவின் நினைவு நாள் நீள்விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. 2023, 2024 இறுதிகள் கால்கரி ஸ்டாம்பீட் திருவிழா நடக்கும் நாட்களில் வந்தன. ஜூலைத் தொடக்கத்தில் பத்து நாள் நடக்கும் அந்தக் குதிரையேற்றத் திருவிழாவுக்கு ஊரே நிரம்பிவிடும். சாடில்டோம் அரங்கமே அந்தத் திருவிழா மைதானத்தில்தான் இருக்கிறது. எனவே விடுதி விலை உச்சத்தில் இருக்கும் நாட்களில்தான் நீங்கள் போய் இறங்க வாய்ப்பு அதிகம். நிகழ்ச்சித் தேதி அறிவிக்கப்பட்டவுடன், கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியுள்ள அறையைப் பதிவு செய்து விடுங்கள். இதற்கு விசா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கால்கரியில் அரங்கத்தை ஒட்டித் தங்க வேண்டிய அவசியமே இல்லை. சி-டிரெயின் ரயிலின் சிவப்புத் தடத்தில் விக்டோரியா பார்க்/ஸ்டாம்பீட் நிலையத்தில் இறங்கினால் அரங்கம் நடை தூரம். ஆகவே அந்தத் தடத்தில் எங்கு அறை மலிவாகக் கிடைத்தாலும் எடுக்கலாம். நகர மையத்துக்குள் அந்த ரயிலில் கட்டணம் இல்லை, ஆனால் அரங்க நிலையம் அந்தப் பகுதிக்கு வெளியே இருப்பதால் சீட்டு வாங்க மறக்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து ரயில் கிடையாது, 300ஆம் எண் பேருந்து நகர மையத்துக்குப் போகும். சாடில்டோமுக்கு மாற்றாக ஸ்கோஷியா பிளேஸ் என்ற புதிய அரங்கம் அருகிலேயே கட்டப்பட்டு வருகிறது. தொடர் மீண்டும் கால்கரிக்கு வரும்போது எந்த அரங்கம் என்பதைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளெண்டேல் இதற்கு நேர்மாறு. அரங்கம் ஃபீனிக்ஸ் நகர மையத்திலிருந்து வெகு தொலைவு, ரயிலும் அங்கே போகாது, மே மாத இறுதியில் வெயில் நம்மூர்க் கத்திரியோடு போட்டி போடும். அங்கே வெஸ்ட்கேட் பகுதியிலேயே, நடந்து போகும் தூரத்தில் அறை எடுப்பதுதான் கடைசியில் மலிவாக முடியும். லாஸ் வேகஸில் ஸ்ட்ரிப் சாலையின் தென்பகுதியில் தங்கினால் டி-மொபைல் அரினாவுக்கு நடந்தே போகலாம். ஆனால் அறை வாடகையோடு ‘ரிசார்ட்’ கட்டணம் என்று இரவுக்கு இரவு தனித்தொகை சேரும், மொத்தத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

அறைக்குள் நுழையும்போது விடுதிகள் முன்பணமாக ஒரு தொகையை அட்டையில் முடக்கி வைக்கும். முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் அட்டை மட்டும் கொண்டுபோனால் அந்தப் பணம் நாட்கணக்கில் சிக்கிக்கொள்ளும். இதற்கென்றே ஒரு கடன் அட்டையை உடன் வைத்திருங்கள்.

7. நிகழ்ச்சி நாள்

தொடங்கும் நேரத்தை உள்ளூர் நேரத்தில் உறுதி செய்யுங்கள். டைனமைட் நிகழ்ச்சி கிழக்கு அமெரிக்க நேரப்படி இரவு 8 மணிக்கு ஒளிபரப்பாகிறது. அதுவே கால்கரியில் மாலை 6 மணி. லாஸ் வேகஸிலும் கிளெண்டேலிலும் கோடைக்காலத்தில் மாலை 5 மணி. விளம்பரத்தில் 8 என்று பார்த்துவிட்டு மெதுவாகக் கிளம்பினால் முதல் ஆட்டங்கள் முடிந்திருக்கும். ஒளிபரப்புக்கு முன்பும் பின்பும் கூடுதல் ஆட்டங்கள் நடப்பதுண்டு என்பதால் சீட்டில் உள்ள கதவு திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருங்கள். பெரிய கட்டண நிகழ்ச்சி என்றால் முன்நிகழ்ச்சியோடு சேர்த்து ஐந்து மணி நேரம் வரை நீளும், அதற்கேற்பச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே ஒரு தண்ணீர்ப் புட்டிக்குக் கொடுக்கும் விலை வெளியில் ஒரு வேளை உணவுக்குப் போதும்.

பை விதி அரங்கத்துக்கு அரங்கம் வேறுபடும். முதுகுப்பையைப் பெரும்பாலான இடங்களில் விடமாட்டார்கள், பாதுகாத்து வைக்கவும் மாட்டார்கள். கைப்பேசி, அட்டை, கடவுச்சீட்டின் நகல், மடித்த பதாகை இவற்றோடு கையை வீசிப் போவதே நல்லது. லென்ஸ் கழற்றும் வகைக் கேமராவுக்கும் பொதுவாக அனுமதி இல்லை. அசல் கடவுச்சீட்டு விடுதி அறையின் பெட்டகத்தில் இருக்கட்டும். பதாகையின் அளவுக்கும் வரம்பு உண்டு. ஓவனின் பெயரை எழுதிப் பிடிப்பதானால் பெரிய எழுத்தில், சிறிய அட்டையில் எழுதுங்கள்.

நிகழ்ச்சிப் பொருட்கள் விற்கும் கடைக்கு உள்ளே நுழைந்தவுடன் போய்விடுங்கள். நேரம் ஆக ஆக வரிசை நீண்டுவிடும், உங்கள் அளவுச் சட்டை தீர்ந்துவிடும்.

8. திட்டம் கைகூடாவிட்டால்

விசா தாமதமாகி, கையில் அரங்கச் சீட்டு இருந்தால் பதறி உடனே விற்க வேண்டாம். டிக்கெட்மாஸ்டரிலும் ஏஎக்ஸ்எஸ்ஸிலும் பல நிகழ்ச்சிகளுக்கு அதே செயலியிலேயே மறுவிற்பனை செய்யும் வசதி உண்டு. அதற்கான பொத்தான் உங்கள் சீட்டுக்கு இருக்கிறதா என்று வாங்கிய அன்றே பாருங்கள். ஆட்டப் பட்டியல் வெளியாகும் வாரத்தில் தேவை கூடும், அப்போது பட்டியலிட்டால் போட்ட பணத்தை ஒட்டி மீட்க முடியும். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள்வரை காத்திருந்தால் விலை சரிந்துவிடும். விற்ற பணத்தைச் சில தளங்கள் அந்நாட்டு வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்பும் என்பதால், அங்கே உறவினரோ நண்பரோ இருந்தால் தொடக்கத்திலேயே அவர் கணக்கில் சீட்டை வாங்கச் சொல்வது பாதுகாப்பானது. விடுதியை ரத்து செய்ய வேண்டிய கடைசி நாளைக் கைப்பேசியில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். பெரும்பாலும் அது வருகைக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, அந்த ஊர் நேரப்படி முடியும். அமெரிக்க விசாக் கட்டணம் கட்டி நேர்காணல் நேரம் கிடைக்காமல் போயிருந்தால் அந்தக் கட்டணம் கட்டிய நாளிலிருந்து 365 நாள் வரை செல்லும். அதற்குள் அடுத்த தொடருக்கான நேர்காணலைப் பதிவு செய்துவிடுங்கள்.